கூப்பிட ஆளில்லாத உறவுகள்



உங்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை போடத் தாய்மாமன் வேண்டும். ஆரத்தி எடுக்க அத்தை வேண்டும். பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பா வேண்டும். கோபித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்காரவும், பிறகு சமாதானமாகிச் சாப்பிடவும் ஒரு பெரியப்பா கட்டாயம் வேண்டும். இத்தனை பேரும் உங்களுக்கு இருந்தால் நீங்கள் பாக்கியசாலிகள். எங்கள் வீட்டில் இந்த முறைகளில் பாதிக்கு ஆள் கிடையாது. எங்கள் குலத்தில் ஏதோ சாபம் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வளர்ந்து நாலு புத்தகம் படித்த பிறகுதான் அது சாபமல்ல, சரித்திரம் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு நாட்டின் ஜனத்தொகை குறைந்தால் என்ன ஆகும் என்று படித்தவர்கள் பெரிய கணக்கெல்லாம் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இந்த முறைக் கணக்குதான். அதை வைத்துக்கொண்டு, நம் மலாயா மண்ணில் நம்மவருக்கு ஏற்பட்ட ஒரு பழைய இழப்பைப் பற்றியும், அந்த இழப்பு மூன்று தலைமுறை தாண்டியும் எப்படி நம் கூடவே வருகிறது என்பதைப் பற்றியும் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

நான் பிறந்தது ஜொகூரில், கூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். வருஷம் 1958. பத்தொன்பது வயதில் சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவள், இங்கேயே குடும்பமாகிவிட்டேன். இப்போது பொங்கோலில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் விடியற்காலை நாலரை மணிக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. பிரட்டு மணி அடித்துப் பழகிய காது!

என் தாத்தாவோடு பிறந்தவர்கள் இரண்டு தம்பிகள். மூவரும் ஒரே தோட்டத்தில் பால் வெட்டினார்கள். மூவருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி பெருகியிருந்தால், இன்று எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு மண்டபம் போதாது. நடந்ததோ வேறு.

முதல் அடி 1930ல் விழுந்தது. உலகமெங்கும் வியாபாரம் படுத்து, ரப்பர் விலை தரைமட்டத்துக்கு வந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆட்கள் ‘மிச்ச’மாகிவிட்டார்கள். 1930 முதல் 1932 வரை மூன்றே வருஷங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் சர்க்கார் செலவில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தாத்தாவின் கடைசித் தம்பியும் அவர் மனைவியும் அப்படித்தான் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார்கள். ஒரே ஒரு கடிதம் வந்ததாம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அங்கே எனக்கு அத்தைமார் இருக்கிறார்களா, சித்தப்பாமார் இருக்கிறார்களா, இன்று வரை தெரியாது.

ரப்பர் விலை மறுபடி ஏறியபோது போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், புதியவர்களும் வந்தார்கள். ஆனால் 1938ல் இந்திய சர்க்கார், மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளிகளை உதவி கொடுத்து அனுப்பும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. கூலி விஷயத்தில் வந்த தகராறுதான் காரணம். நம் மக்களின் நன்மைக்காக எடுத்த முடிவுதான். ஆனால் அதன் பலன் ஒன்றைக் கவனியுங்கள். அதுவரை தோட்டத்தில் பத்துப் பேர் செத்தால், அடுத்த கப்பலில் இருபது பேர் வந்து இறங்குவார்கள். 1938க்குப் பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. இனிமேல் குறைந்தால் குறைந்ததுதான் என்ற நிலை வந்தது. அந்த நிலையில்தான் ஜப்பான்காரர் வந்தார்கள்.

சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வேண்டும் என்று 1942ல் ஜப்பானிய ராணுவம் முடிவு செய்தது. 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டன. மலையைக் குடைந்தும் காட்டை வெட்டியும் ஒன்றரை வருஷத்துக்குள் முடித்த வேலை அது. வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். “மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு” என்று சொல்லிச் சிலரைக் கூட்டிப் போனார்கள். லாரியை நிறுத்திப் பலரைப் பிடித்துப் போனார்கள். காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் ஆட்களை ஈசலாக வாரிக்கொண்டு போயின. கைதிகளுக்காவது அவர்களுக்குள்ளேயே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். நம்மவருக்கு யார் இருந்தார்கள்?

என் தாத்தாவும் அவர் நடுத்தம்பியும் 1943ல் ஒரே லாரியில் போனார்கள். இருவரும் திரும்பவில்லை. நடுத்தம்பிக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. தாத்தா போனபோது என் அப்பாவுக்கு ஐந்து வயது. கைக்குழந்தையாக ஒரு தங்கை இருந்தாள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த அந்த நாட்களில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதோடு எனக்கு அத்தை முறையும் முடிந்தது. மூன்று சகோதரர்களின் வம்சத்தில் மலாயாவில் மிஞ்சியது என் அப்பா ஒருவர்தான்.

இது எங்கள் வீட்டுக் கணக்கு. நாட்டுக் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் 1931ல் இந்தியர்கள் 6,20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பதினாறு வருஷம் கழித்து 1947ல் எண்ணியபோது 6,00,000க்கும் சற்றுக் குறைவு. அதே காலத்தில் நாட்டின் மொத்த ஜனத்தொகை 43 லட்சத்திலிருந்து 58 லட்சமாக வளர்ந்திருந்தது. எல்லோரும் கூடினார்கள், நாம் மட்டும் தேய்ந்தோம். 1931ல் நூற்றுக்குப் பதினான்கு பேராக இருந்தவர்கள் 1947ல் நூற்றுக்குப் பத்துப் பேராகிவிட்டோம்.

“சரி, அது எண்பது வருஷத்துக்கு முந்திய கதை. செத்தவர்களுக்குப் பதில் பிள்ளைகள் பிறந்திருக்க மாட்டார்களா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறந்தார்கள். ஆனால் 1943ல் செத்த இளைஞன் தனியாகச் சாகவில்லை. 1944லும் 1946லும் பிறந்திருக்க வேண்டிய அவன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பிள்ளைகள் 1968ல் அப்பா அம்மா ஆகியிருக்க வேண்டும். 1995ல் தாத்தா பாட்டி ஆகியிருக்க வேண்டும். ரப்பர்க் காட்டில் ஒரு வரிசை கன்று பட்டுப்போனால், அந்த இடம் முப்பது வருஷத்துக்கும் வெட்டு இல்லாத இடமாகவே இருக்கும் அல்லவா? ஜனத்தொகையில் விழுகிற பள்ளமும் அப்படித்தான். அது மூடிக்கொள்வதில்லை. வயது ஏற ஏற, தலைமுறை மாற மாற, நகர்ந்துகொண்டே வருகிறது.

அது மட்டுமல்ல. சம்பாதிக்கிற ஆள் போனால் படிக்கிற பிள்ளை வேலைக்குப் போக வேண்டும். என் அப்பா ஒன்பது வயதில் பாட்டியோடு வெட்டுக்காட்டுக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுத வராது. அவருக்கு எழுத வராததால் எங்களுக்கு மனுப் போட்டுத்தர ஆளில்லை. 1957ல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு குடியுரிமைக்குப் பத்திரம் கேட்டார்கள். உன் தகப்பன் யார், எங்கே, சாட்சி என்ன? சயாமில் செத்தவருக்கு யார் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள்? ஓர் அலுவலகத்துக்கு நாலு வருஷம் நடையாய் நடந்தார். கடைசியில் வயதான கங்காணி ஒருவர் வந்து சத்தியம் செய்து கொடுத்துத்தான் காரியம் முடிந்தது. இப்படி ஒருவர் கிடைக்காத வீடுகள் எத்தனை? ஒரு தலைமுறையின் சாவு அடுத்த தலைமுறையின் படிப்பாகவும் பத்திரமாகவும் போய் நிற்கிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

பத்திரம் இல்லாததன் விலையை நாங்கள் 1970ல் கொடுத்தோம். 1969ல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. சுமார் 60,000 இந்தியர்கள் ஊரைப் பார்த்துப் போனதாகக் கணக்கு. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த என் தாய்மாமன் அவர்களில் ஒருவர். மறு வருஷம் எனக்குச் சடங்கு. சீர் கொண்டுவர மாமன் இல்லை. எதிர் லயத்து மண்டோர் ஒருவர், எங்களுக்கு எந்த உறவும் இல்லாதவர், “ஏன், நான் மாமன் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டு தட்டோடு வந்து நின்றார். அன்று முதல் அவர் சாகும்வரை எனக்கு அவர்தான் மாமா. தோட்டத்து மக்களின் பெருமை இதுதான். இல்லாத உறவை முறை வைத்துக் கூப்பிட்டு உண்டாக்கிக்கொள்வோம்.

உலகத்தில் இப்படிப் பள்ளம் விழுந்த ஒரே சமூகம் நாம்தான் என்று எண்ண வேண்டாம். அயர்லாந்து என்று ஒரு தேசம். 1841ல் அந்தத் தீவில் 80 லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். 1845ல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள்; அதே அளவு பேர் கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகளுக்குப் போனார்கள். பஞ்சம் தீர்ந்தும் போகிற வழக்கம் நிற்கவில்லை. 180 வருஷம் ஆன பிறகும் அந்தத் தீவு பழைய எண்ணிக்கையை இன்னும் எட்டவில்லை! நாடு இன்று வசதியாக இருக்கிறது. ஆனால் மக்கள் பேசிவந்த ஐரிஷ் மொழியை இன்று தினமும் பேசுகிறவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். செத்தவர்களிலும் போனவர்களிலும் பெரும்பகுதி அந்த மொழி பேசிய ஏழைகள். ஜனம் போகிறபோது கூடவே மொழியும் போய்விடுகிறது.

மொழி என்றதும் நம் கதைக்கு வருவோம். சிங்கப்பூரில் 1957ல் நூற்றுக்கு ஒன்பது பேர் இந்தியர்கள். பிரிட்டிஷ் படை 1971ல் தளத்தைக் காலி செய்தபோது அங்கே வேலை பார்த்த எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் ஊர் திரும்பின. 1980ல் இந்தியர்கள் நூற்றுக்கு ஆறரைகூட இல்லை. பிறகு புதியவர்கள் வந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் மறுபடி ஒன்பது. பார்த்தால், போனது முழுவதும் திரும்பிவிட்டது போலத் தோன்றும். ஆனால் தமிழிலேயே பாடம் சொல்லித்தந்த பள்ளிகள் அந்த இடைவெளியில் ஒவ்வொன்றாக மூடின. கடைசியாக நின்ற உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982ல் மூடப்பட்டது. பெற்றோர் ஆங்கிலப் படிப்பை நாடியது பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஆள் குறைந்த இடத்தில் எந்தப் பள்ளியும் நெடுநாள் தாக்குப் பிடிக்காது. ஒன்பது திரும்பி வந்தது. அந்தப் பள்ளிகள் திரும்பி வரவில்லை. தலையை எண்ணிப் பார்த்து, இழந்ததெல்லாம் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மலேசியாவில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். 1957ல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. தோட்டம் துண்டாடப்பட்டது, வீட்டு மனையாயிற்று, இளைஞர்கள் பட்டணம் போனார்கள். முப்பது பிள்ளைகளுக்கும் குறைவாக வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும் பள்ளிகள் பல. நாட்டின் ஜனத்தொகையிலும் இந்தியர்கள் இன்று நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. அன்று பதினான்கு! போனதில் பாதியை மரண ரயிலும் கப்பலும் கொண்டுபோயின என்று நான் சொல்லவில்லை. மற்றவர்கள் வேகமாகப் பெருகியதும், நம் பெண்கள் குறைவாகப் பெற்றுக்கொள்வதும் காரணம்தான். ஆனால் இறக்கத்தின் முதல் படி அந்தப் பதினாறு வருஷத்தில் வெட்டப்பட்டது.

இப்போது பொங்கோலுக்கு வாருங்கள். ஒரு காலத்தில் இங்கே ரப்பர்த் தோட்டமும், பிறகு பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் இருந்தன. 1942 பிப்ரவரி 28ந்தேதி, முந்நூறு நானூறு சீனர்களை இந்தக் கடற்கரையில் நிறுத்தி ஜப்பானியர் சுட்டார்கள். அதற்கு அடையாளமாக ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. இன்று இது கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் வாழும் புது நகரம். சின்னப் பிள்ளைகள் மிக அதிகமாக உள்ள வட்டாரங்களில் ஒன்று. காலையில் மின்தூக்கிக் கதவு திறந்தால் பள்ளிப் பைகள்தான் முதலில் வெளியே வரும். இங்கே நின்று பார்க்கிறவர், சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குப் பஞ்சம் என்றால் சிரிப்பார்.

ஆனால் பஞ்சம்தான். 1965ல் இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி நாலரைப் பிள்ளைகளுக்கு மேல். 1972ல் “இரண்டோடு நிறுத்துங்கள்” என்று சர்க்கார் சொன்னது. மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவச் செலவு அதிகம், பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம் என்றெல்லாம் சட்டம் வந்தது. நான் இங்கே தாயானபோது அந்தச் சுவரொட்டிகள்தான் எங்கும். மூன்று வருஷத்திலேயே எண்ணிக்கை இரண்டுக்கு இறங்கிவிட்டது. 1987ல், “முடிந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள்” என்று பேச்சை மாற்றினார்கள். அதற்குள் பழக்கம் மாறிவிட்டது.  2023ல் சராசரி ஒன்றுகூட இல்லை, 0.97. எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் 2019ல் நான்காக இணைக்கப்பட்டன. பொங்கோலில் புதுப் பள்ளி கட்டுகிற அதே நாட்டில், பழைய பேட்டைகளில் பள்ளிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர்.

விருப்பப்பட்டுக் குறைவாகப் பெறுவதும், லாரியில் ஏற்றிக் கொல்வதும் ஒன்றல்ல. என் பாட்டிக்குக் கிடைக்காத ஓய்வும் படிப்பும் என் மகளுக்குக் கிடைத்தது இதனால்தான். எந்தப் பெண்ணையும் பார்த்து, “சமூகத்துக்காக இன்னும் இரண்டு பெறு” என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முறைக் கணக்கு எதையும் மன்னிப்பதில்லை. என் பேரன் ஒற்றைப் பிள்ளை. அவன் கூட விளையாடுகிற பையனும் ஒற்றைப் பிள்ளை. இவர்கள் இருவரின் பிள்ளைகளுக்கும் சித்தப்பா, பெரியப்பா, அத்தை எவரும் இருக்கமாட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் யுத்தம் செய்த வேலையை இன்று சத்தமில்லாமல் காலம் செய்கிறது.

குறைந்த கைகளுக்குப் பதிலாக இரண்டு நாடுகளும் வெளியாட்களை வரவழைக்கின்றன. பொங்கோலில் புது புளோக் கட்டுகிறவர்களில் பாதிப் பேச்சுத் தமிழ்ப் பேச்சு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகள். உங்கள் செம்பனைக் காட்டில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் குலை வெட்டுகிறார்கள். 2020ல் நோய்க்காக எல்லையை மூடியபோது, வெட்ட ஆளில்லாமல் குலைகள் மரத்திலேயே பழுத்துக் கொட்டின. நம் லயத்தில் இன்று அந்நியராகத் தெரிகிற அந்த வாலிபன், நூறு வருஷத்துக்கு முன் வந்து இறங்கிய நம் தாத்தாதான். அவனைத் “தம்பி” என்று கூப்பிடுங்கள். எனக்கு மாமன் கிடைத்தது அப்படித்தான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அது அவசரம். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகளை வரிசை வரிசையாகப் பெயரோடு வைத்திருக்கிறார்கள். நம்மவரின் எலும்புகளுக்குப் பெயர் இல்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று ஒரு நாவல் எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். 2023ல் காஞ்சனபுரியில் நம் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல்லும் எழுந்தது. கல் வந்துவிட்டது; அதில் பொறிக்கப் பெயர்கள் நம் வீட்டுக் கிழவர்களிடம்தான் இருக்கின்றன. 1943ல் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எண்பத்தைந்து தாண்டிவிட்டது.

ஆகவே வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையின் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் கிழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். சயாமுக்குப் போனவர் யார், கப்பலேறியவர் யார், சிவப்புக் கார்டோடு போனவர் யார் என்று கேளுங்கள். பெயர், தோட்டம், போன வருஷம், உங்களுக்கு என்ன முறை – இந்த நாலும் போதும். நான் எழுதியாகிவிட்டது. எங்கள் பட்டியலில் பதினொரு பெயர்கள். என் பேரன் அதைப் பார்த்து, “இந்தச் சின்னத் தாத்தாவுக்குப் பேர் மட்டும் போட்டிருக்கீங்களே பாட்டி, வயசு என்ன?” என்று கேட்டான்.

“இருபத்திரண்டு” என்றேன்.